ரத்தக் காட்டேரிக்கு மாநிறம் பூசிய நாள்

கண்ணாடியை நீட்டியதும் கௌதம் அதை வாங்கி, மூக்கில் இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். தள்ளி இருப்பது எதுவும் அவனுக்குச் சரியாகத் தெரியாது. கைப்பேசியையும் அப்படித்தான் பார்ப்பான். நெற்றி, காது, கழுத்து என்று கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான்.

பெங்களூரு அடுகோடியில் மூடிக் கிடந்த ஒரு லேத் பட்டறை அது. மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிரீஸ் வாசனையை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தோம். வெளியே உச்சி வெயில். உள்ளே ராத்திரி.

காலையிலிருந்து நின்றே வேலை செய்ததில் என் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நல்லா வந்திருக்கா?"

அவன் கண்ணாடியை இறக்கவில்லை.

"இது எங்கப்பா மூஞ்சிக்கா."

அப்பாவை நேரில் பார்த்த ஞாபகமே அவனுக்குக் கிடையாது. வீட்டில் இருந்த ஒரு கல்யாண போட்டோவில் பார்த்ததுதான். லைட் ரெடி என்று கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டான்.

வெளுக்கச் சொன்னவர்கள்

மணப்பெண் அலங்காரம்தான் என் பிழைப்பு என்பது இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பிலோமினா. கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூரு ஜீவனஹள்ளியில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் என்னிடம் வந்து உட்கார்ந்த பெண்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான். "கொஞ்சம் வெள்ளையா காட்டுங்கக்கா." கறுப்பான பெண்ணும் கேட்பாள், சிவப்பான பெண்ணும் கேட்பாள். பெண் வாய் திறக்காவிட்டால் மாமியார் கேட்பாள். முகத்தை வெளுத்துவிட்டுக் கையைப் பார்த்தால் கை வேறு ஒருத்தியுடையதுபோல் இருக்கும். பிறகு கையையும் வெளுக்க வேண்டும். தாலி கட்டி முடிப்பதற்குள் கழுத்து வியர்த்துக் கோடு கோடாக இறங்கும். மேடைக்குப் பின்னாலிருந்து ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வருவேன்.

ஒரு கட்டத்தில் எனக்கே சலித்துப்போயிற்று. சுண்ணாம்பு அடிக்கிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுப் பந்தியில் இளவரசன் எனக்கு எதிரே உட்கார்ந்தான். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவன். ஆம்பூர்க்காரன். கண்ணுக்குக் கீழே கருவளையம். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற எல்லாப் பையன்களுக்கும் இருப்பது.

"மேடம், உங்களுக்கு ரத்தம் செய்யத் தெரியுமா?" என்று கேட்டான்.

நான் ரசத்தைக் கீழே வைத்தேன்.

ரத்தமும் எறும்பும்

அவன் ஒரு படம் எடுக்கப் போவதாகச் சொன்னான். ரத்தக் காட்டேரிப் படம். கதையை அந்தப் பந்தியிலேயே சொல்லி முடித்தான்.

இங்கே ஈஜிபுராவில் ஒற்றை அறை. அதில் மூன்று பேர். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பெண், ஊரில் எல்லாரும் ஒதுக்கிவிட்ட ஒரு டெலிவரி பையன், மூன்றாவது ஆள் ரத்தக் காட்டேரி. அவன் யாரையும் துரத்திக் கடிக்க மாட்டான். பசித்தால் சுவரோரம் சுருண்டு படுத்துக்கொள்வான். மற்ற இருவரும் முறை போட்டுக்கொண்டு தங்கள் கையை நீட்டுவார்கள்.

"அவங்க ஏன் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் அவங்களை வேணும்னு யாருமே கேட்டதில்ல மேடம். இவன்தான் ஃபர்ஸ்ட்."

எனக்குப் பேய்ப் படம் பிடிக்காது. ஆனால் இந்த பதிலுக்காக ஒத்துக்கொண்டேன்.

ரத்தம் செய்தேன். சர்க்கரைப் பாகில் சிவப்புக் கலர், கெட்டியாக வருவதற்குச் சோளமாவு, ரொம்பப் பளிச்சென்று இருக்கக்கூடாது என்று கொஞ்சம் டிகாக்‌ஷன். பார்ப்பதற்கு அசல் ரத்தம். ஆனால் பட்டறையில் எறும்பு அதிகம். கடி வாங்கி மயங்கிக் கிடக்க வேண்டிய பெண் கழுத்தைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். அதன்பிறகு பாகுக்குப் பதிலாக ஷாம்பூவில் கலந்தேன்.

வேலை என்னமோ ஆமை வேகத்தில்தான் நடந்தது. நடிக்கிறவர்கள், கேமரா பிடிக்கிறவன் எல்லாருமே எங்கேயோ ராத்திரி வேலை பார்க்கிறவர்கள். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் ராத்திரிக் காட்சி எடுத்தோம். ஷாட்டுக்கு நடுவே ஆளுக்கொரு மூலையில் சாக்கை விரித்துத் தூங்கிவிடுவார்கள். எழுப்பி எழுப்பி மேக்கப் போடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே இழுத்தது. நடுவில் கேமராக்காரனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பாதிப் படத்தில் ஆள் மாறினான்.

"ரெடியாத்தான் வந்திருக்கேன்"

கௌதமை நான் முதலில் பார்த்தது அந்தப் பட்டறை வாசலில். ஆட்டோவிலிருந்து இறங்கினான். முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஆட்டோக்காரர் அவனிடம் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இவன் சுத்தமான கன்னடத்தில் பதில் சொன்னான். அவர் அரண்டு போய் வண்டியைத் திருப்பினார்.

உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினான். முடி, புருவம், இமை எல்லாம் வெளிறிய வைக்கோல் நிறம். தோல் பால் வெள்ளை. வெயில் பட்ட இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. பிறவியிலேயே தோலில் நிறம் இல்லாத பிள்ளை. கண் ஒரு இடத்தில் நிற்காமல் லேசாக ஆடும்.

பழக்கதோஷத்தில் நான் வெள்ளைப் பேன்கேக் பூச்சு டப்பாவைத் திறந்துவிட்டேன்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குக்கா? நான் ரெடியாத்தான் வந்திருக்கேன்" என்றான்.

சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குப் புரியவில்லை. அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இளவரசன் அவனை நிறத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தான். அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அது உறுத்தியது. ஒருநாள் கௌதம் கண்ணைச் சுற்றிக் கறுப்புத் தீட்டிக்கொண்டே கேட்டேன்.

"உன்னைப் பேயா காட்டுறாங்களே, உனக்கு ஒண்ணும் இல்லையாப்பா?"

"இத்தினி வருஷமா சும்மா நின்னு பாத்தாங்கக்கா. இனிமே டிக்கெட் வாங்கிப் பாக்கட்டும்."

அவன் எதையும் மறுத்ததில்லை, ஒன்றைத் தவிர. காட்டேரி வெயிலில் எரிந்து சாவதாக இளவரசன் முடிவு எழுதியிருந்தான். அதற்கு மட்டும் கௌதம் மாட்டேன் என்றான். "எரியறது எனக்கு தினமும் நடக்குது. அதுக்குப் போய் நடிக்கணுமா?" என்றான். இளவரசன் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு முடிவை மாற்றினான். மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருப்பதாக, வெளியே விடிவதாக.

லைன் வீட்டுப் பேச்சு

பேச்சுவாக்கில் ஒருநாள் அவனும் தங்கவயல் என்று தெரிந்தது. அம்மா பெயர் சகுந்தலா என்றான். இப்போது இருப்பது ஜீவனஹள்ளி, எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். அம்மா கார்மென்ட்ஸில் தைக்கிறார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளை லைன் என்போம். ஒரு லைனில் தும்மினால் அடுத்த லைனில் கேட்கும். என் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்போது வெளிச்சம் கூசிக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நடப்பார். வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் பேசமாட்டார். தங்கம் தோண்டின வீட்டில் தங்கத்துக்குத்தான் பஞ்சம் என்று அம்மா சொல்லிக்கொண்டே வெந்நீர் வைப்பாள்.

சுரங்கம் மூடியபிறகு ஆண்களுக்கு வேலை போயிற்று. பெண்கள் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு திரும்புவார்கள். அப்படி வந்துபோன பெண்களில் ஒருத்திக்கு வெள்ளையாகப் பிள்ளை பிறந்தது என்ற பேச்சு எங்கள் லைனுக்கும் வந்தது. பெங்களூரில் எந்த வெள்ளைக்காரனோ என்றார்கள். புருஷன்காரன் பிள்ளையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லையாம். இது என் ரத்தமில்லை என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுப் போனான். ஓசூரில் வேறு குடும்பம் ஆயிற்று. டாக்டர் விளக்கிச் சொன்னார் என்றும் பேசிக்கொண்டார்கள். டாக்டர் சொல்வதை எந்த லைன் காதில் வாங்கியது.

அந்தப் பிள்ளைதான் கௌதம். அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாத கதையா?

நான் கலக்காத நிறம்

கதையில் ஒரு ஃப்ளாஷ்பேக் இருந்தது. இந்தக் காட்டேரி, வெள்ளைக்காரன் காலத்தில் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த சாதாரண ஆள். சுரங்கம் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறான். இருட்டில் ஏதோ ஒன்று அவனைக் கடிக்கிறது. அந்த மனிதன் அங்கே செத்து, காட்டேரியாக எழுகிறான்.

சாகும்முன் அவன் நம்மைப்போல் மாநிறமாக இருக்க வேண்டும். இளவரசன் வேறு ஆளைப் போடலாமா என்று யோசித்தான். "நானே பண்றேன்" என்றான் கௌதம்.

யாரையும் கறுப்பாக்கி எனக்குப் பழக்கமில்லை. என்னிடம் இருந்த பேன்கேக் எல்லாம் வெளுக்கிற ரகம். அலைந்து வேறு வாங்கி, என் முழங்கையில் தடவித் தடவிப் பார்த்து ஒரு நிறம் பிடித்தேன். முகத்தோடு முடியவில்லை. காது மடலுக்குப் பின்னால், கழுத்து, விரலிடுக்கு எல்லாம் ஸ்பாஞ்சால் ஒற்ற வேண்டியிருந்தது. புருவத்தையும் இமையையும் மையால் எழுதினேன். முடிக்குக் கறுப்பு அடித்தேன். முகத்திலிருந்து ஒரு ஆள் மெல்ல மேலே வருவதுபோல் இருந்தது. அதுவரை அவன் மூக்கு அகலம் என்பதைக்கூட நான் கவனித்ததில்லை. நிறம்தான் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் கண்ணாடியை நீட்டினேன்.

சாக்கு மூட்டைகளும் கரித்தூளும் போட்டுச் செய்த சுரங்கத்தில் அவன் அன்று நன்றாகச் செத்தான். இளவரசன் ஒரே டேக்கில் ஓகே சொன்னது அந்த ஒரு காட்சிக்குத்தான்.

முடிந்ததும் நான் பஞ்சையும் எண்ணெயையும் எடுத்தேன்.

"கழுவாம வீட்டுக்குப் போலாமாக்கா?" என்றான். "அம்மாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு கழுவிடறேன்."

இரண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான் வீடு. ஆட்டோ பிடித்தோம். வெயில் தாழ்ந்திருந்தது, அவன் தொப்பி போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர் ஏறும்போதே அவனிடம் கன்னடத்தில் பேசத் தொடங்கி, வழி முழுக்கத் தன் ஊர்க் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர்கள் இவன் பக்கம் திரும்பிவிட்டு அப்படியே வேறெங்கோ பார்த்தார்கள்.

"யாருமே பாக்கலக்கா" என்றான்.

"நல்லாருக்கா?"



"தெரியல. டயர்டா இருக்கு."

வாசலில்

சகுந்தலா வீடு மாடியில். குறுகலான படி. கௌதம் முன்னால் ஏறினான், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால். கதவைத் தட்டினான்.

திறந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கையில் பாதி உரித்த பூண்டு. வெளிச்சத்துக்கு எதிரே நின்ற அவனை ஏறிட்டுப் பார்த்தார். முகம் அப்படியே இறுகிப்போயிற்று.

"இன்னாத்துக்கு வந்த இப்போ?"

கத்தவில்லை. தணிந்த குரல். எத்தனையோ வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தைபோல் வந்தது.

"அம்மா, நாந்தாம்மா" என்றான் கௌதம்.

குரல் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். யார் என்று என்னைக் கேட்கவில்லை. நானே சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, மகனின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"அந்த ஆள உரிச்சு வெச்சிருக்குது" என்றார். "இதத்தானே தொண்ட கிழியச் சொன்னேன். ஒருத்தராச்சும் நம்பனாங்களா?"



சகுந்தலா உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "ஒரு போட்டோ எடு தாயி. நல்லா கிட்டத்துல. அந்த ஆளோட அக்கா நம்பரு எங்கிட்ட இருக்குது. அனுப்பறேன். பாக்கட்டும். அந்தக் குடும்பமே உக்காந்து பாக்கட்டும்."

"வேணாம்மா."

"உனுக்குத் தெரியாதுடா நான் இன்னா பட்டேன்னு."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் வேணாங்குறேன்." என்றான். "இந்த மூஞ்சி இருந்தாதான் நான் அவரு புள்ளயா? கழுவிட்டா இல்லயா?"

கைப்பேசி என் கையில் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

அவன் பாத்ரூமுக்குள் போனான். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வாசலில் எண்ணெயும் பஞ்சும் வைத்துவிட்டு வந்தேன். சகுந்தலா திரும்பப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார். உரித்ததையே மறுபடி எடுத்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"அவன் தூக்கவே இல்ல தாயி, இவன" என்றார் என்னைப் பார்க்காமல். "ஒரு நாளு கூட."

கௌதம் வெளியே வந்தான். முகம் சிவந்து கன்றிப்போயிருந்தது. காதோரம் திட்டுத்திட்டாக மாநிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. சகுந்தலா அவனை இழுத்து உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயில் முந்தானையைத் தொட்டுத் தொட்டு அதைத் துடைத்து எடுத்தார். அழுத்தித் தேய்க்கவில்லை. "சூடா சோறு இருக்குது, ரெண்டு பேரும் துன்னுங்க" என்றார்.

போட்டோ எடுக்கவில்லை.

சாகிற ஆள்

இதற்குப் பிறகு கௌதம், அந்தக் காட்சி படத்தில் வேண்டாம் என்று இளவரசனிடம் சொல்லிவிட்டான். இளவரசன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒன்றரை வருட உழைப்பில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் காட்டேரி யாரென்றே பார்க்கிறவர்களுக்குப் புரியாது.

"டேய், அதான்டா படம்."

"உனக்குப் படம். அம்மாவுக்கு வேற."

ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. படம் அப்படியே கிடந்தது. இதுவும் மற்ற எல்லாவற்றையும்போல் அரைகுறையாக நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. இந்த ஊரில் பாதியில் நின்ற பாலங்கள் எத்தனையோ இருக்கின்றன.

கடைசியில் சகுந்தலாவே விஷயத்தைக் கேள்விப்பட்டு, இளவரசனை வீட்டுக்கு வரச் சொன்னார். நானும் போயிருந்தேன்.

"அந்தக் காட்சில இன்னா நடக்குது, சொல்லு" என்றார்.

இளவரசன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மாநிறமாக இருக்கிற ஆள் சுரங்கத்தில் சாகிறான். வெள்ளையாக எழுந்து வருகிறவன்தான் படம் முழுக்க இருக்கிறான்.

சகுந்தலா கேட்டு முடித்தார்.

"அந்த மூஞ்சி செத்துப்போவுற எடந்தானே? இருக்கட்டும்."

கௌதமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். இளவரசன்தான் என்ன செய்வதென்று தெரியாமல் காபியைக் குடித்தான்.

படம் முடிந்தது. எந்தத் தியேட்டரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஈஜிபுராவில் ஒரு சின்ன ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு தடவை காட்டினோம். டிக்கெட் கிடையாது. நடுவில் கரண்ட் போய்வந்தது. பிறகு இளவரசன் அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டு அடுத்த ஷிஃப்டுக்குப் போனான். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தோம். தங்கவயல் பையன்களுக்கு மட்டும் நம் ஊர்ச் சுரங்கம் வருகிறது என்று தெரிந்து, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

பார்லரில் ஒரு போன்

அதற்குள் சகுந்தலா என் பார்லருக்கு வரப்போக ஆரம்பித்திருந்தார். லீவு நாளில் வந்து தலைக்கு டை அடித்துக்கொள்வார். அன்றும் அடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. புது நம்பர். காதோரம் எல்லாம் டை இருந்ததால், ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைக்கச் சொன்னார்.

ஆண் குரல். இருமிவிட்டுப் பேசியது.

"நான்தான்."

சகுந்தலா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். தொடருங்கள் என்று கையைக் காட்டினார்.

"பசங்க ஒரு படம் காட்டனாங்க, போன்ல. சுரங்கத்துல சாவுறானே ஒருத்தன். என் சின்ன வயசு மாதிரியே இருக்கறான். எங்கக்கா பாத்துட்டு அழுவுது." மறுபடி இருமல். "அது நம்ம பையன்தானே?"

"இல்ல" என்றார் சகுந்தலா. "அது மேக்கப்பு."

"மேக்கப்பு இல்ல சகுந்தலா. மூக்கு, வாயி எல்லாம்…"

"மேக்கப்புன்னு சொல்றேன் இல்ல? போட்டவங்க இங்கதான் நின்னுகினு இருக்காங்க. வோணும்னா கேளு."

சகுந்தலா போன் பக்கம் குனிந்தார்.

"எம்புள்ள வெள்ளயா இருப்பான்" என்றார். "ரூமுல அந்த ரெண்டு பேரோட இருக்கறான் பாரு, அவன். படம் முழுக்க வரான். நல்லா பாத்துக்க."

ஒரு விரலை நீட்டி போனை அணைத்தார். கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நெத்தில வழியுது தாயி" என்றார். "தொடச்சு வுடு."